கட்டிலைத் தாழ்த்துகிறவன்

இதில் ஒரு வார்த்தை பொய்யிருந்தால் என் நாக்கு அழுகிப் போகட்டும். பல்லெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. வாயில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். ஆகவே யோசித்துத்தான் சத்தியம் செய்கிறேன். நடந்தது நடுராத்திரியில் அல்ல, பட்டப்பகலில்.

ஒரு லாரி டிரைவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. ஆள் ஏற்கெனவே மலை மாதிரி. இப்போது கால்களும் தூணாக வீங்கி, விரலால் அமுக்கினால் விழுந்த குழி அப்படியே நின்றது. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். அவரைச் சேர்த்த ஆஸ்பத்திரியின் இதய வார்டில் எல்லாருக்கும் இதே பாடுதான். நெஞ்சில் நீர் கோத்தவர்கள். கட்டிலின் தலைமாட்டை உயர்த்திவைத்து, உட்கார்ந்த மேனிக்கே தூங்குவார்கள். கால்மாட்டில் ஓர் இரும்புக் கைப்பிடி இருக்கும். அதைச் சுற்றினால் தலைமாடு ஏறும், இறங்கும். யாரும் இறக்கவே கூடாது என்பது நர்ஸம்மாவின் கட்டளை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு தையற்காரர். ஒல்லிக்குச்சி. அந்த ஆஸ்பத்திரிக்கு மாமியார் வீடு மாதிரி வந்து போகிறவர்.

ஒரு நாள் காலை பெரிய டாக்டர் மாணவர்களைச் சுற்றி நிறுத்தி, இந்த நோயில் யார் பிழைப்பது கடினம் என்று விளக்கினார். திரும்பத் திரும்ப வந்து சேர்கிறவர். ரத்த அழுத்தம் மிகவும் இறங்கிவிட்டவர். ரத்தத்தில் உப்பு குறைந்தவர். சிறுநீரகம் ஓய்ந்தவர். நான்கும் சேர்ந்துவிட்டால் நம் கையில் இல்லை என்றார். நோயாளிகளுக்கும் காது உண்டு என்பது அவருக்கு ஞாபகமில்லை.

"எனக்கு நாலும் இருக்கு டிரைவரே," என்றார் தையற்காரர். "உங்களுக்கு?"

"மூணு. சிறுநீரகம் மட்டும் ஓடிட்டிருக்கு."

"அப்ப நான் முன்னாடி போறேன். நீங்க மெதுவா வாங்க."

அன்று மத்தியானம், நோயாளிகள் ஓய்வெடுக்கட்டும் என்று உறவினர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். நர்ஸம்மா மருந்து எடுத்துவரக் கீழே போனார்.

கிறீச்...

டிரைவர் கண்ணைத் திறந்தார். தையற்காரரின் கால்மாட்டில் ஒருவன் குனிந்திருந்தான். நோயாளிச் சட்டை. முகம் ஊதி, கண்கள் சதைக்குள் புதைந்திருந்தன. காலில் தோல் வெடித்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கிறீச்... கிறீச்...

தலைமாடு இறங்கியது. தையற்காரர் மல்லாந்தார். அவன் ஏறி நெஞ்சின்மேல் உட்கார்ந்தான். ஒரு கையால் தாடையை நெரித்தான். இன்னொரு கையால் குத்தினான். விலா எலும்பு சுள்ளி மாதிரி ஒடிந்தது. தையற்காரர் அவன் கையைக் கடித்தார். ரத்தம் வரவில்லை. தண்ணீர் பீய்ச்சியது. அவர் வாய், மூக்கு, தொண்டை எல்லாம் தண்ணீர்...

டிரைவருக்குக் கத்தக் குரல் எழும்பவில்லை.

நர்ஸம்மா வந்தபோது தலைமாடு பழையபடி உயர்ந்திருந்தது. ஓடிவந்த சின்ன டாக்டர் தையற்காரரின் நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு ஓய்ந்தார். எதிர்பார்த்ததுதான் என்றார். விலா ஒடிந்தது, தான் அமுக்கியதால்தான் என்றார். துணியால் முகத்தை மூடி எடுத்துப் போனார்கள்.

டிரைவர் தன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஊரெல்லாம் லாரி ஓட்டினப்ப ஒரு பேயும் உங்களைச் சீண்டலையே," என்றாள் அவள்.

"அப்ப எனக்கு இந்த நாலு கணக்கு இல்லையே."

மறுநாள் காலை ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சிறுநீரகமும் ஓயத் தொடங்கியிருந்தது.

மனைவி அழவில்லை. குனிந்து, கட்டிலின் கைப்பிடியைத் திருகிக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டாள். உறவினர்களை வெளியே அனுப்பும் நேரத்தில் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

"நான் இருக்கேன். நீங்க மூச்சு விடுற வேலையை மட்டும் பாருங்க."

கதவு திறக்கவில்லை. ஆனால் தரை ஈரமாயிற்று.

சொட்... சொட்...

அவன் கால்மாட்டில் குனிந்தான். கைப்பிடியைத் தேடினான். இல்லை. அது இருந்த துளைக்குள் தன் விரலை விட்டுத் திருகினான். விரல் முறிந்தது. அடுத்த விரலை விட்டான்.

கிறீச்...

தலைமாடு இறங்கியது.

அவள் வெளியே பாய்ந்து அவன் முதுகில் இரும்பை இறக்கினாள். அவன் திரும்பினான். முடியைப் பற்றி அவள் தலையைச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்தது.

டிரைவர் தன் வீங்கிய காலைத் தூக்கி அவன் முகத்தில் உதைத்தார். கால் முகத்துக்குள் புதைந்தது.

அவள் ஓங்கினாள். மண்டையில் ஒன்று.

இன்னொன்று.

தாடை தனியாகத் தொங்கியது...

அவள் நிறுத்தவில்லை.

கடைசியில் அடிக்க ஆளில்லை. தரை முழுக்கத் தண்ணீர்.

அன்று சாயங்காலமே டிரைவருக்குச் சிறுநீர் தாராளமாகப் பிரிந்தது. வீக்கம் வடிந்தது. சில நாளில் தன் காலாலேயே நடந்து வீடு போனார். பெரிய டாக்டர் மருந்தைப் பாராட்டினார்.

பிற்பாடு டிரைவரிடம் விசாரித்தேன். அந்த மத்தியானம் முழுக்கத் தூங்கிவிட்டதாகச் சொல்கிறார். அவர் மனைவி, ஈரத்தில் வழுக்கி விழுந்தேன் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

எனக்கு இவ்வளவையும் சொன்னவர் அந்தத் தையற்காரர். போன வாரம், சட்டைக்கு அளவெடுக்கும்போது.