கூவக் கூடாத ஊரில் பொங்கல்

இந்த வருஷப் பொங்கலை நாங்கள் வாயை மூடிக்கொண்டு கொண்டாடினோம். நிஜமாகத்தான் சொல்கிறேன். பானை பொங்கியது, பால் வழிந்தது... ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் வரவில்லை.

எங்கே என்கிறீர்களா? இமாச்சல மலையில், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய கிராமத்தில். கும்மிடிப்பூண்டியிலிருந்து அவ்வளவு தூரம் போய்ப் பொங்கல் வைக்க வேண்டுமா? வேண்டும். கன்னியம்மா முடிவு செய்துவிட்டால் வேண்டும்தான்.

கன்னியம்மா என் நண்பன் தணிகாசலத்தின் மனைவி. தணிகாவும் நானும் ஒரே கம்பி மில்லில் வேலை பார்த்தவர்கள். நான் வழக்கம் போலப் பாதியில் ஓடிவந்துவிட்டேன் — எட்டாம் வகுப்பில் ஆரம்பித்த பழக்கம். அவன் இன்னமும் ஃபர்னஸ் முன்னால் நிற்கிறான். வருஷம் முழுக்க வெக்கையில் வேகிறவனுக்கு வேறென்ன ஆசை இருக்கும்? பனியைக் கையால் அள்ள வேண்டும்.

ஜனவரியில் ஃபர்னஸ் ரிப்பேருக்காக மில்லை மூடினார்கள். இப்போது விட்டால் எப்போது என்றான். கன்னியம்மா ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள்.

"எங்க வேணா இட்டுக்கினு போ. தை ஒண்ணாந்தேதி நான் பொங்கலு வெச்சாவணும்."

அவளுக்குக் காரணம் இருந்தது. மாமனார் இறந்ததால் போன தையில் அந்த வீட்டில் பொங்கல் இல்லை. அதே வருஷம்தான் தணிகா, கையில் தீக்கங்கு தெறித்து, முழங்கை வரை வெந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தான். இரண்டையும் அவள் முடிச்சுப் போட்டுவிட்டாள். பானை பொங்க வேண்டும், வாய் நிறையக் கூவ வேண்டும், அப்போதுதான் பிடித்த பீடை விடும். இதில் வாதம் செய்ய நான் யார்?

ஊத்துக்கோட்டைச் சந்தையில் மண்பானை வாங்கினாள். ரயிலில் எங்களுக்கு ரிசர்வேஷன் கிடைக்கவில்லை. நானும் தணிகாவும் பாதி இந்தியாவை நின்றுகொண்டே கடந்தோம். அவள் கழிப்பறை ஓரம் தரையில் உட்கார்ந்தாள். பானை மட்டும் டெல்லி வரை அவள் மடியில் சொகுசாக வந்தது.

எங்களை வரச் சொன்னவர் ரூப் சிங். ஆப்பிள் லாரி டிரைவர். எங்கள் ஊர் ஜி.என்.டி. ரோடு டீக்கடையில் எனக்குப் பழக்கம். மில்லில் பீகார் பையன்களிடம் பொறுக்கிய இந்தியை வைத்து எங்கள் நட்பு ஓடுகிறது.

அவர் வீட்டை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு வரிசை கல், ஒரு வரிசை மரம் என்று அடுக்கிக் கட்டியது. கீழே மாடு, மேலே மனிதர்கள். நடுவில் ஓர் இரும்பு அடுப்பு, அதைச் சுற்றித்தான் வாழ்க்கை. அவர் மனைவி சித்து என்றொரு பலகாரம் செய்து கொடுத்தார். புளித்த கோதுமை மாவுக்குள் வால்நட் விழுதை வைத்து ஆவியில் வேகவைப்பது. நம் கொழுக்கட்டைக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிய்த்து, உருக்கிய நெய்யில் முக்கி வாயில் போட்டால்... ரயிலில் நின்ற கால்வலி போன இடம் தெரியவில்லை.

சாப்பிடும்போதுதான் ரூப் சிங் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். மறுநாள் சங்கராந்தி. அன்று முதல் அவர்கள் ஊர்ச் சாமி சொர்க்கத்துக்குப் போய்விடும். திரும்பி வரும்வரை ஊரில் சத்தம் கூடாது. டிவி இல்லை, ரேடியோ இல்லை, மண்வெட்டி போடக் கூடாது, உரக்கப் பேசவும் கூடாது. லாரியிலேயே வாழ்கிற மனுஷன், எங்களைக் கூப்பிடும்போது இதை மறந்துவிட்டார்.

நான் தமிழில் சொன்னதும் கன்னியம்மா கையிலிருந்த சித்துவைக் கீழே வைத்தாள்.

"கூவக் கூடாதாமா?"

"கூடாதாம்."

"சாமிதான் ஊர்லயே இல்லியேண்ணா. அப்பறம் யாருக்குக் கேக்கும்?"

இதை மட்டும் நான் இந்தியில் மொழிபெயர்க்கவில்லை.

காலையில் கதவைத் திறந்தால் ஊரே வெள்ளை. கூரை, வைக்கோல் போர், வேலி... எல்லாம். தணிகா வெறுங்காலோடு ஓடினான். இரண்டு கையாலும் அள்ளினான். அள்ளியவன் சும்மா இருந்தானா?

"கன்னீமா! ஓடியா! இன்னா ஜில்லுன்னு கீது பாரு!"

மில் இரைச்சலில் வளர்ந்த குரல். கூரைப் பனி கொஞ்சம் சரிந்தது என்று சத்தியம் செய்வேன். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. சற்று நேரத்தில் ஊர்க்காரர்கள் இருவர் வந்தார்கள். திட்டவில்லை. இன்னொரு முறை குரல் கேட்டால் விருந்தாளிகள் கிளம்ப வேண்டும், ரூப் சிங் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். ரூப் சிங் தலையைக் குனிந்துகொண்டார்.

"யோவ், மெதுவா பேசித் தொலையேன்யா" என்றாள் கன்னியம்மா, பல்லைக் கடித்து.

அவனால் முடியாது. அவனுக்கு மெதுவாகப் பேசவே தெரியாது. காதும் பாதி மந்தம். பாவம், உதட்டைப் பிதுக்கி என்னைப் பார்த்தான். பிறகு கட்டைவிரலை வாயருகே சாய்த்தான் — டீ வேண்டுமாம்.

மில்லில் நாங்கள் அப்படித்தான் பேசுவோம். அந்த இரைச்சலில் வாய் எதற்கு உதவும்? டீக்கு ஒரு ஜாடை, நிறுத்து என்பதற்கு ஒரு ஜாடை, சூப்பர்வைசர் வருகிறான் என்பதற்கு ஒரு ஜாடை. சத்தத்துக்குப் பயந்து கற்ற பாஷை, சத்தமே இல்லாத ஊரில் கைகொடுத்தது. ரூப் சிங் மனைவி சீக்கிரமே பிடித்துக்கொண்டார். கன்னியம்மாதான் முறைத்தாள். "இத்தினி வருசமா இதையா பேசிக்கினு இருந்தீங்க? ஊட்ல ஒரு நாளாவது சொல்லிக் குட்தியாய்யா?" என்று அவன் காதில் கிசுகிசுத்தாள்.

அடுப்பில் பானை ஏறியது. கழுத்தில் ரயிலில் வாடிப்போன மஞ்சள் கொத்து. கீழேயிருந்து கறந்த பால். நுரை மேலே வந்தது... வந்தது... வழிந்தது. கன்னியம்மாவின் வாய் திறந்தது. ரூப் சிங் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

தணிகா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். பழுத்த கம்பி வருகிறது, விலகு என்று மில்லில் காட்டும் ஜாடை. நானும் தூக்கினேன். ரூப் சிங்கும் அவர் மனைவியும் என்ன ஏதென்று தெரியாமலே தூக்கினார்கள். கன்னியம்மா தூக்கவில்லை. எல்லோருக்கும் பொங்கலைப் பரிமாறினாள். தான் மட்டும் தொடவில்லை. ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட்டு, என்னிடம் ஒன்றே ஒன்று விசாரிக்கச் சொன்னாள். இந்தச் சாமியின் எல்லை எதுவரை?

கீழே ஆற்றுப் பாலம் வரை என்றார் ரூப் சிங்.

மறுநாளே கிளம்ப வேண்டும் என்றாள். தணிகாவுக்குப் பனியை விட்டு வர மனசில்லை. வந்தான். முழங்கால் பனியில் இறங்கினோம். ரூப் சிங்கும் வழியனுப்ப வந்தார். பாலத்தைத் தாண்டி நாலடி வைத்ததும் அவள் நின்றாள். பானையை இடுப்பிலிருந்து இறக்கி இரண்டு கையாலும் ஏந்தினாள். ஒரு தரம் மூச்சை இழுத்தாள்.

"பொங்கலோ பொங்கல்!"

ஆறு ஒரு நொடி அடங்கியது போல இருந்தது. எதிரே வந்த பஸ் பிரேக் போட்டது. இரண்டாவது கூவலுக்கு நாங்கள் சேர்ந்துகொண்டோம். மூன்றாவதுக்கு ரூப் சிங்கும். அதற்குப் பிறகுதான் அவள் பானைக்குள்ளிருந்த கிண்ணத்தைத் திறந்து, கல்லாய் உறைந்த பொங்கலைக் கடித்துச் சாப்பிட்டாள்.

தை எங்களுக்கு இந்த வருஷம் ஒரு நாள் லேட். அதனாலென்ன... அலறிக்கொண்டு பிறந்தது!