தவிட்டுக்கு வாங்கிய மகள்

வெள்ளிக்கிழமைதோறும் மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒருத்தி வந்து நின்று, "என் பொண்ணு இன்னா பண்ணுது?" என்று என் மகளைப் பற்றி என்னிடமே விசாரிக்கிறாள். பினாங்கில் இருக்கும் என் சிநேகிதிகளே, நீங்கள் சிரிப்பீர்கள். ஆறு வருஷமாக நானும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: சாப்பிட்டாள், கண்ணாடியை உடைத்தாள், தூங்குகிறாள்.

கல்யாணமாகிப் பினாங்கிலிருந்து கப்பலில் வந்த இரண்டாம் வருஷம், ஆறரை மாதத்திலேயே மகள் பிறந்துவிட்டாள். ஒரு கிலோகூட இல்லை. பஞ்சில் சுற்றி வைத்து, இங்க் ஃபில்லரால் பால் விட்டார்கள். பினாங்கில் பிள்ளை பிறந்தால் பக்கத்து வீட்டுச் சீன அம்மாள்கூட வந்து எட்டிப் பார்ப்பாள். இங்கே ஒருவரும் வரவில்லை. பெயர் வைக்கவில்லை, சர்க்கரை கொடுக்கவில்லை. தங்காத பிள்ளைக்கு எதற்கு என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கணவர் மாதத்தில் பாதி நாள் டூரில். டாக்டரும் ஆசை வைக்காதே என்றார். வார்டு ஆயா கன்னியம்மா மட்டும் தினமும், "இன்னிக்கும் மூச்சு கீதும்மா" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

மூன்று மாதம் கழித்துக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, மாமியார் அவளை என்னிடமிருந்து வாங்கி, வாசலில் நின்ற கன்னியம்மாவின் கையில் கொடுத்தார். கன்னியம்மா ஒரு முறம் தவிட்டை நீட்டினாள். நிஜமாகவே விற்கிறார்கள் என்று நினைத்து, ஓடிப்போய்க் குழந்தையைப் பிடுங்கினேன். தவிடெல்லாம் படியில் கொட்டியது. தெருவே சிரித்தது.

கன்னியம்மா சிரிக்கவில்லை. "உன் புள்ளன்னா தங்காதுன்னுதாம்மா எனுக்கு வித்துட்டாங்க. இனிமே இது என் புள்ள. நீ வளத்துக்கினு இரு," என்றாள்.

மகள் தங்கினாள். ஆனால், உயிரைக் காத்த ஆக்சிஜனே கண்ணைக் கெடுத்திருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டும் நாலடிக்கு அப்பால் அவளுக்கு எல்லாம் கலங்கல்தான். மழைக்காலத்தில் நெஞ்சு இழுக்கும். அப்போதெல்லாம் எனக்குத் துணை கன்னியம்மாதான்.

இப்போது அவள் இருக்கும் அடையாற்றங்கரைக் குடிசைகளை எடுக்கிறார்கள். ஊருக்கு வெளியே இடம் கொடுத்திருக்கிறார்களாம். இனி வரமுடியாது என்று சொல்லிவிட்டுப் போக நேற்று வந்திருந்தாள். என்னையும் தவிட்டுக்கு வாங்கிக்கொண்டு போயேன் என்றேன், கேலிபோல.

அவள் யோசித்தாள். "விக்கறதுக்கு உன் ஆளுங்க யாருனா வரணுமேம்மா."

அப்பா பினாங்கில். இந்த வீட்டுக்கு நான் இன்னும் பினாங்குக்காரிதான். என்னை விற்க உரிமையுள்ளவர் யார் என்று எனக்கே தெரியவில்லை. கன்னியம்மா தெருமுனை திரும்பிவிட்டாள். என் மகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, அவள் போன பக்கத்தை விட்டுவிட்டு, கடல் இருக்கும் திசையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் திருப்பி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.