காற்றுப் படாத தாள்

என் சித்தி ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அந்தக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒரு இயந்திரம் நாள் முழுக்கக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். அதற்குள் உள்ளங்கையளவு வெள்ளைத் தாள் ஒன்றை வைப்பது சித்தியின் பொறுப்பு. மறுநாள் எடுக்கும்போது அது கரியாக இருக்கும்.

அந்தத் தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தண்ணீரிலும் மறுபாதியை லேசான அமிலத்திலும் ஊறவைப்பார்கள். தூசியில் இருக்கும் ஈயமும் செம்பும் எவ்வளவு கரைகின்றன என்று பார்ப்பதற்காக. கரைவதுதான் சுலபமாக ரத்தத்தில் சேரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு தாளும் உண்டு. அதையும் மாடிக்குக் கொண்டுபோய், வெளியே எடுத்து, உடனே உறைக்குள் மூடிவிடுவார்கள். காற்று அதன் வழியாகப் போகாது. அதில் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் வேலையில் எங்கோ கோளாறு.

அந்த மாதம் காற்றுப் படாத தாளில் ஈயம் வந்தது. முதலில் ஊறவைக்கும் பாட்டிலைச் சந்தேகப்பட்டார்கள், பிறகு தண்ணீரை. எல்லாவற்றையும் மாற்றியும் ஈயம் போகவில்லை. சித்தி விடுப்பில் இருந்த இரண்டு நாள் மட்டும் தாள் சுத்தமாக இருந்தது. அந்த இரண்டு நாளும் தாளை வைத்தவன், தடித்த கண்ணாடி போட்டதால் சோடாபுட்டி என்று பெயர் வாங்கியவன்.

"அக்கா, நீங்க வந்தா ஈயமும் கூடவே வருது. நகை ஏதாவது கரையுதா?" என்றான்.

"என்கிட்ட நகை ஏதுப்பா? கரையறதுக்கு நான்தான் பாக்கி" என்றாள் சித்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

கூடத்துக்குப் பொறுப்பான மேடம் மட்டும் சிரிக்கவில்லை. ஈரத் தாள் ஒன்றை எடுத்து, சித்தி கோட்டுக்கு உள்ளே போட்டிருந்த உடுப்பின் கைப்பகுதியில் ஒற்றி எடுத்தார். அதை ஊறவைத்து, ஈயத்தை அளக்கும் இயந்திரத்தில் கொடுத்தார். திரையைப் பார்த்துவிட்டுச் சித்தியின் பக்கம் திரும்பினார்.

"வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறார்?"

"பழைய பேட்டரி உடைக்கிற பட்டறையில, மேடம்." பேட்டரிக்குள் இருப்பது ஈயத் தகடுகள்.

"அவர் துணியையும் உங்க துணியையும் சேர்த்துத்தான் துவைக்கறீங்களா?"

"ஆமா மேடம்."

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?"

சித்தி ஆமென்று தலையாட்டினாள்.

நான்கு வயது மகள் இருக்கிறாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அப்பாவின் வேலைச் சட்டையைக் கட்டிக்கொள்ளாமல் மதியத்தில் தூங்க மாட்டாள். அப்பா செல்லம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தவள் சித்திதான். இரண்டு மாதமாகப் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சாப்பாட்டைத் தள்ளியபோது, "எல்லாம் நடிப்பு" என்று அதட்டியவளும் அவள்தான்.

வீடு திரும்பும் பேருந்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கைக் குழந்தை கையை நீட்டியது. சித்தி ஜன்னலோரமாக ஒடுங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது வாலு பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். சட்டையின் காலர் வாயில் இருந்தது. சித்தி மெதுவாக உருவினாள். காலர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஊறவைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 

"என் சட்டை!" வாலு விழித்துக்கொண்டு அலறினாள். "அப்பா, அம்மா பிடுங்கறா!"

சித்தப்பா பின்கட்டிலிருந்து வந்தார். இன்னும் குளிக்கவில்லை. "என்னடி இது? பேயைப் பாத்த மாதிரி நிக்கற?"

"அவளைத் தொடாதீங்க!"

"என் பிள்ளையை நான் தொடக் கூடாதா?"

சித்தி சொன்னாள். தாளில் வந்த ஈயம், தன் உடுப்பில் இருந்த தூசி, காலரின் ஈரம் என்று துண்டு துண்டாகத்தான் சொல்ல முடிந்தது.  வாலு கையைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாவிடம் ஓடினாள். அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். பிள்ளைக்கு எதுவும் புரியவில்லை. அவர் முழங்காலைக் கட்டிக்கொள்ளப் போனவளைச் சித்தி இடுப்போடு தூக்கினாள். அப்போதுதான் தன் உடுப்பிலும் அது இருப்பது நினைவுக்கு வந்து, அப்படியே இறக்கிவிட்டாள்.

மூவரும் ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள். வாலு மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் வாலுவுக்கு ரத்தம் எடுத்தார்கள். அளவுக்கு மேல் ஈயம் இருந்தது. இனி உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் மெல்லக் குறையும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டர். ஏற்கெனவே பாதிப்பு ஏதாவது ஆகியிருக்குமா என்று சித்தி கேட்டாள். இப்போதே சொல்ல முடியாது என்றார்.

சித்தப்பா இப்போது பட்டறையிலேயே குளித்து, உடுப்பு மாற்றிக்கொண்டு வருகிறார். வேறு வேலையும் தேடுகிறார். காற்றுப் படாத தாள் சுத்தமாக வருகிறது. "அக்கா, உங்க ஈயம் எங்க போச்சு?" என்று சோடாபுட்டி ஒருநாள் கேட்டுவிட்டு, சித்தியின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

எங்கே போனது என்று அவளுக்குத் தெரியும். வாலு சாப்பிடும்போது எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை வயிற்றில் கை வைத்தால் போதும், சித்தியின் கையில் இருக்கும் கவளம் அப்படியே நின்றுவிடுகிறது.