நான் தூக்கிக் காட்டாத கை

கோலாட்டக் குச்சிகள் மோதும்போது எழும் அந்த 'டக்' ஓசை காதுக்கு வருமுன்பே உள்ளங்கைக்குள் ஒரு சிறு கூச்சமாக ஓடும். அதோடு முகத்தில் அரைத்துப் பூசிய தனக்காப் பட்டையின் குளிர்ந்த மரவாசனையும், பதினைந்து சிறுமிகளின் வியர்வையும், கோயில் மண்டபத்துச் சிமெண்டுத் தரையின் ஈரமும் சேர்ந்து ஒரு மணம் வரும். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, யாங்கோனில் லத்தாப் பேட்டையை ஒட்டிய எங்கள் தெருக்கோயிலில் திருவிழாவுக்காக ஞாயிறு மதியம்தோறும் நாங்கள் பழகிய கோலாட்டத்தை நினைத்தால் இன்றும் முதலில் வருவது அந்த மணம்தான். இரண்டாவதாக வருவது பார்வதியின் கை.

பார்வதி எங்கள் தெருமுனையில் காலையில் தோசை சுட்டு விற்ற தனம் அத்தையின் மகள். பர்மியர்களும் 'தோஷே' என்று கேட்டு வந்து வரிசையில் நிற்பார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கும் அவளுக்கும் ஒரே பெஞ்சு, மழைக்கு ஒரே குடை. அவ்வளவு சிநேகமும் ஒரே மதியத்தில் கசந்துபோனது. அதுவரை ஆட்டத்தின் நடுவில் நின்றவள் நான். அன்று, எங்களுக்குப் பழக்கிய லட்சுமி அக்கா, "சரோஜா, நீ பின்னால போ. பார்வதி நடுவுல நிக்கட்டும், அவ கை அழகா வருது" என்று சொல்லிவிட்டார்.

பின்வரிசையிலிருந்து நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமைக்குக் கண் கூர்மை. ஓய்வு நேரத்தில் அவள் கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது முழங்கைக்குக் கீழே, புறங்கைப் பக்கமாக, அரிசியை இறைத்ததுபோல் சின்னச் சின்ன வெளிறிய புள்ளிகள் தோன்றும். மறுபடி ஆட்டம் தொடங்கி, குச்சிகளைத் தலைக்கு மேலே தூக்கியதும் கொஞ்ச நேரத்தில் ஒன்றுகூட இருக்காது. இறக்கினால் திரும்ப வரும். தூக்கினால் அவை மறைவது முன்னே பார்த்து ஆடிய அவளுக்குத் தெரியாது. புள்ளிகளை நினைத்துக் கூச்சப்பட்டு அவள் தன் கையைப் பார்ப்பதே இல்லை. நான் மட்டும் மூன்று ஞாயிறு தொடர்ந்து பார்த்தேன்.

நான்காம் ஞாயிறு பிள்ளைகளை அழைத்துப்போக வந்திருந்த அம்மாமார்கள் எல்லாரும் இருக்கும்போது, நான் என் குச்சியைக் கீழே போட்டுவிட்டு உரக்கச் சொன்னேன்: "பார்வதி கையில வெள்ளை வெள்ளையா இருக்கு. நான் அவ குச்சியில தட்ட மாட்டேன்."

அவளைப் பின்வரிசைக்கு அனுப்புவார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் பெண்களில் யாரோ 'நூனா' என்றார்கள். குஷ்டத்துக்குப் பர்மியச் சொல் அது. எங்கள் தெருவில் அதைத் தாழ்ந்த குரலில்தான் சொல்வார்கள். லட்சுமி அக்கா முகம் வெளுத்து, "கையைத் தொங்கவிட்டு நில்லு பார்வதி, பார்க்கலாம்" என்றார். அவள் நின்றாள். பெண்கள் எட்டி நின்றே குனிந்து பார்த்தார்கள். புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. 'கையைத் தூக்கச் சொல்லுங்க, போயிடும்' என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அது என் நாக்கு நுனியில் இருந்தது. பார்வதி கூட்டத்துக்குள் என் முகத்தைத் தேடிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் தோசைக்கல்லின் முன்னால் ஒருவரும் இல்லை. ஒரு வாரம் தனம் அத்தை பிடிவாதமாக அடுப்பு மூட்டிப் பார்த்தார். பிறகு ஒரு நாள், பொங்கிப் புளித்த மாவை வாளியோடு சாக்கடையில் கவிழ்த்துவிட்டு அடுப்பையும் தூக்கிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக்குப் போனால் குஷ்டரோகிகள் பட்டியலில் பெயரை எழுதிவிடுவார்கள் என்று பயந்து, எவரோ கொடுத்த எண்ணெயைக் கையில் தேய்த்துக்கொள்ளும்படி பிள்ளையிடமே கொடுத்துத் தோலைப் புண்ணாக்கியதாகச் சொன்னார்கள். மாதம் முடியுமுன் தாயும் மகளும் ஆற்றைக் கடந்து டாலாவுக்குக் குடிபோனார்கள். "நல்லதாப் போச்சு, பிள்ளைங்க இருக்கிற தெரு" என்றார் என் அம்மா. திருவிழாவில் நடுவில் நின்று ஆடியவள் நான். நன்றாக ஆடினேன் என்று எல்லாரும் சொன்னார்கள்.

போன வருஷம் என் மகளின் கைகளில் அதே புள்ளிகளைக் கண்டேன். பதினாறு வயதுப் பெண். உடனே டாக்டரிடம் அழைத்துக்கொண்டு ஓடினேன். அவர் அவள் கையைப் பிடித்துத் தலைக்கு மேலே உயர்த்தி, "பாருங்கள், போய்விட்டது. ரத்தக் குழாய்கள் அங்கங்கே சுருங்குவதால் தோல் வெளிறித் தெரிகிறது, அவ்வளவுதான். நோயில்லை, ஒட்டாது, மருந்தும் வேண்டாம்" என்றார். மகள் சிரித்துக்கொண்டே பர்மிய மொழியில் அவரிடம் ஏதோ வேடிக்கை சொன்னாள்.

விசாரித்து விசாரித்து, டாலா சந்தையில் கீரை விற்றுக்கொண்டிருந்த பார்வதியைக் கண்டுபிடித்தேன். பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டு, வீட்டுக்கே அழைத்துப்போய்த் தேநீர் கொடுத்தாள். அவள் கைகள் சுத்தமாக இருந்தன. முதல் பிரசவத்தின்போதே நர்ஸ் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னதாகவும், வயது ஏற ஏற புள்ளிகள் தாமாகவே மறைந்துவிட்டதாகவும் சொன்னாள்.

"அம்மாதான் நம்பலை," என்றாள். "சாகிற வரைக்கும் எனக்குத் தனித் தட்டு. என் பிள்ளையை என் மடியிலேர்ந்து வாங்கிக் குளிப்பாட்டிட்டுத்தான் கொஞ்சுவாங்க. அந்தத் திருவிழாவுக்கு முன்னால தலை சீவிவிட்டதுதான், அப்புறம் அம்மா என்னைத் தொட்டதே இல்லை."

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன்: பொறாமையில் குச்சியைப் போட்டதையும், கையைத் தூக்கச் சொல்லாமல் இருந்துவிட்டதையும்.

"நீ பொறாமையில சொன்னேன்னு அன்னைக்கே தெரியும் சரோ. சின்னப் பிள்ளைங்கதானே நாம," என்றாள். பிறகுதான் அவளுக்கு முழுதும் விளங்கியது. "இரு. கையைத் தூக்கினா மறையும்னு உனக்குத் தெரியுமா? அவங்க எல்லாரும் பார்த்துக்கிட்டு நின்னப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவள் என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டு, "படகுக்கு நேரமாச்சு, கிளம்பு" என்றாள்.

இப்போது எங்கள் கோயிலில் கோலாட்டம் இல்லை. ஆட வேண்டிய பிள்ளைகளுக்குப் பாட்டின் தமிழ் புரிவதில்லை. லட்சுமி அக்காவும் என் அம்மாவும் போய்விட்டார்கள், அன்று குனிந்து பார்த்தவர்களில் இருவரோ மூவரோதான் மீதி. தனம் அத்தை அடுப்பு வைத்திருந்த முனையில் செல்போன் கடை இருக்கிறது. போன மாதம் நான் மறுபடியும் டாலாவுக்குப் போனேன். பார்வதியின் மருமகள் வாசலுக்கு வந்து, மாமியார் வீட்டில் இல்லை என்று பர்மிய மொழியில் சொன்னாள். அவளுக்குப் பின்னால், உள்ளே, பார்வதி யாரிடமோ தமிழில் பேசிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றது. நான் கூப்பிடவில்லை.