மஞ்சள் அட்டையின் பின்பக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் தப்பு பண்ணியவன் நான்தான். எங்கள் இதழ் பிரிவு அக்காவைப் பற்றி யாராவது நாலு வரி எழுதுவார்கள் என்று பார்த்தேன். எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் செடியைப் பற்றியே எழுதித் தள்ளுகிறார்கள். சரி, பசை தடவுகிற கையே எழுதட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தாவரவியல் தோட்டத்து நூலகத்தில் நான் பைண்டர். கீழ்த்தளத்தில் என் அறை, மாடியில் அக்காவின் மேஜை. உலகத்தின் எந்த மூலையிலிருந்து தாவரவியல் இதழ் வந்தாலும் அவள் கைக்குத்தான் முதலில் போகும். உறையைப் பிரிப்பாள், அட்டையில் வந்த தேதியை முத்திரை குத்துவாள், பதிவேட்டில் ஒரு வரி எழுதுவாள். அவ்வளவுதான் வேலை. கேட்டால் சப்பென்று இருக்கும். ஆனால் அக்கா உள்ளே இருக்கும் கட்டுரையைத் தொடக்கூட மாட்டாள். அட்டையை மட்டும் முன்னும் பின்னும் ஒரு வரி விடாமல் படிப்பாள்.

"ஏங்க்கா, உள்ள இருக்கிறத விட்டுட்டு மேலட்டைய இப்படி உருகி உருகிப் படிக்கிறீங்களே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உள்ள இருக்கிறதப் படிக்க ஆயிரம் பேர் இருக்காங்க. இதை யாரு படிக்கிறா?" என்றாள்.

அவள் படித்ததற்குக் காரணம் இருந்தது. தாவரவியல் இதழ் என்பது பெரும்பாலும் சொன்ன தேதிக்கு வராத ஜென்மம். அக்டோபர் இதழ் என்று தலைப்பில் போட்டிருப்பார்கள். கட்டுரை வரவில்லை, காகிதம் வரவில்லை என்று இழுத்தடித்து அடுத்த வருஷம் வெளியிடுவார்கள். உள்ளே அக்டோபர் என்றே நிற்கும். உண்மையான நாளைச் சில இதழ்கள் மட்டும் பின்னட்டையின் அடியில் பொடி எழுத்தில் ஒப்புக்கொள்ளும். ஒரு செடிக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்துவிட்டால், எது முதலில் வெளியானதோ அந்தப் பெயர்தான் நிற்கும். அச்சிட்ட தேதி பொய் என்று சாட்சி காட்டாதவரை அச்சிட்ட தேதியே செல்லும். அந்தச் சாட்சி இருக்கிற ஒரே இடம் அட்டை.

நான் என்ன செய்தேன்? வருஷ முடிவில் இதழ்களைச் சேர்த்துத் தைக்கும்போது அட்டைகளைக் கிழித்துவிடுவேன். சும்மா இல்லை, உலகம் முழுக்க பைண்டர்களுக்கு அதுதான் வழக்கம். அட்டையோடு தைத்தால் தொகுதி வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். அக்கா மேலிருந்து இறங்கிவந்து சண்டை போட்டாள். எனக்கோ அப்போது மூக்கு நுனியில் கோபம். "முத்திரை குத்துறது உங்க வேலை, தைக்கிறது என் வேலை. அவங்கவங்க வேலையப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டேன். அவள் மேலே புகார் கொடுத்தாள். எனக்கு ஓலை வந்தது. அன்றிலிருந்து அட்டையோடுதான் தைக்கிறேன், ஆனால் அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இருபத்திரண்டு வருஷம்! ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு துண்டுச் சீட்டு வரும்: 'அட்டையோடு.' கீழே இரண்டு கோடு.

இனி அவள் வீட்டுக்காரர். அக்காவை அக்கா என்று கூப்பிடுகிறவன் அவரை மாமா என்றல்லவா கூப்பிட வேண்டும்? ஆனால் அவர் எங்கள் எல்லாருக்கும் டிரைவர்தான். தோட்டத்து ஜீப்பை ஓட்டியவர். விஞ்ஞானிகளைச் செடி சேகரிக்கக் கூட்டிப்போனபோது ஒருநாள் டயர் பஞ்சர். மாற்றிவிட்டுக் கை கழுவ ஓடைக்கு இறங்கியவர் பாறை இடுக்கில் ஒரு குட்டிச் செடியைப் பார்த்தார். "ஐயா, இது நம்மகிட்ட இல்லாத செடி" என்றார். விஞ்ஞானி சிரித்தார். கிட்டே போய்ப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் அதுவரை பெயர் வைக்காத செடி! எங்கள் தோட்டத்தின் சொந்த இதழில், அந்த வருஷ டிசம்பரில், டிரைவரின் பெயருக்கு லத்தீன் வால் ஒட்டி அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த இதழ்க் கட்டுகளைத் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனதும் டிரைவர்தான். டிசம்பர் இருபது, ரசீது இன்றும் அக்காவிடம் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் தினமும் காலையில் தோட்டத்துக்கு வருவார். அந்தச் செடித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பெயர்ப்பலகை மறையாதபடி கொஞ்சம் தள்ளி நிற்பார். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் போச்சு, பஞ்சர் கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவார். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் அவர் சொல்லி முடிக்கும்வரை மாடி ஜன்னலை விட்டு நகர மாட்டாள்.

போன மாதம் ஒரு புதன்கிழமை இடி விழுந்தது. எங்கோ ஒரு ஆராய்ச்சியாளர், டிரைவரின் செடிக்கு அதே வருஷம் இன்னொரு இதழிலும் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், இரண்டும் ஒரே செடி என்று கண்டுபிடித்துவிட்டார். அந்த இதழ் அக்டோபர். நம்முடையது டிசம்பர். செல்லுபடியாகும் செடிப் பெயர்களின் புதிய பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. அதோடு டிரைவரின் பெயர் செல்லாது, பலகையும் மாறும்.

இயக்குநர் மேடம் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னதும் அக்கா கொதித்தாள். "அக்டோபர்னு போட்டிருக்கும் மேடம், ஆனா அது ஜனவரியிலதான் வெளிய வந்துச்சு. மஞ்சள் அட்டை. பின்னாடி கடைசி வரியில இருந்துச்சு. நானே படிச்சேன்!"

"அந்த அட்டை எங்க?"

அக்கா பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்தாள். அதில் அந்த இதழ் வந்தது பிப்ரவரி. ஆனால் தபாலில் மூன்று மாதம் கிடந்திருக்கும் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்த இதழ் நின்று பல வருஷம், அச்சகமே இல்லை. ஏழு நூலகங்களுக்கு மின்னஞ்சல் போட்டார்கள். வந்த பதில் எல்லாம் ஒன்றுதான்: பைண்ட் செய்தபோது அட்டைகள் நீக்கப்பட்டன. என் இனம் எங்கேயும் சோடை போகவில்லை.

வியாழக்கிழமை காலை என் அறை வாசலில் அக்கா நின்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அந்த மஞ்சள் அட்டைய என்ன பண்ணீங்க?"

இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர் கேட்ட முதல் கேள்வி. "குப்பையில போட்டிருப்பேங்க்கா" என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "அவருக்கு இன்னும் சொல்லல. அவருக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவே இல்லை.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜைப் பக்கம் திரும்பினேன். பழுதுபார்க்க வந்த தடிப் புத்தகம் ஒன்று முதுகுத்துணி பிய்ந்து கிடந்தது. அந்தப் பிளவுக்குள் நீலக் காகிதம். அதில் பாதிப் பாதியாக எழுத்து. ஏதோ ஓர் இதழின் அட்டை!

"அக்கா!" என்று நான் போட்ட கூச்சலில் அவள் எழுந்தே விட்டாள். தைத்த புத்தகத்தின் முதுகு உறுதியாக இருக்க, துணிக்கு அடியில் தடித்த காகிதம் ஒட்டுவோம். அப்போதெல்லாம் நல்ல காகிதம் கிடைக்காது. கிழித்த அட்டைகளை நீளவாக்கில் பட்டையாக வெட்டி அதற்குத்தான் வைத்துக்கொள்வேன். குப்பையில் போடவே இல்லை! அட்டையெல்லாம் புத்தகங்களின் முதுகுக்குள் உட்கார்ந்திருக்கிறது!

பைண்டிங் பதிவேட்டைப் புரட்டினோம். அந்த மஞ்சள் அட்டை இதழைத் தைத்த பிறகு, எனக்கு ஓலை வருவதற்குள் நான் தைத்தவை முப்பத்தெட்டு. மேடத்திடம் ஓடினோம். "முப்பத்தெட்டையும் பிரிக்கணுமா?" என்று அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் தைச்சது மேடம், நானே பிரிக்கிறேன். ஒரு பக்கம் கிழிஞ்சாலும் என்னைக் கேளுங்க."

துணியை அறுப்பேன். ஈரப் பஞ்சை வைத்துப் பசையை ஊறவிடுவேன். அக்கா மழுங்கிய கத்தியால் காகிதத்தை உரிப்பாள். நீலம், பச்சை, பச்சை, வெள்ளை. "அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?" என்று அக்கா ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருஷ பாக்கியையும் அன்றே வசூலித்துவிட்டாள். வாங்கிக் கட்டிக்கொண்டேன். சந்தோஷமாகவே கட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, இருபத்தாறாவது புத்தகம். மஞ்சள்! மேலே அந்த இதழின் எண், அடியில் பொடி எழுத்தில்: 'வெளியான நாள்: 11'. அதற்குமேல் என் கத்தி போயிருந்தது. பட்டை முடிந்துவிட்டது. பதினொன்று சரி, எந்த மாதத்துப் பதினொன்று? என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"நிக்காதீங்க, அடுத்ததை அறுங்க" என்றாள் அக்கா.

இருபத்தேழில் வெள்ளை. இருபத்தெட்டில் பச்சை. இருபத்தொன்பதில் துணியை விலக்கியதுமே மஞ்சள் தெரிந்தது. பஞ்சை வைத்துவிட்டு இரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்றோம். அக்கா உரித்தாள். முதல் பட்டையின் பக்கத்தில் வைத்தாள். பாதியாக நின்ற எழுத்து மறுபாதியோடு கச்சிதமாகச் சேர்ந்தது. 'ஜனவரி.' பக்கத்தில் அடுத்த வருஷம்!

"ஜனவரிடா!" என்று அக்கா கத்தினாள். என்னை 'டா' என்று கூப்பிட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை. நாங்கள் போட்ட ஆட்டத்தில் மாடியிலிருந்து எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். மேடம் இரண்டு பட்டையையும் படம் எடுத்து, தபால் ரசீதோடு பட்டியல் தயாரிப்பவர்களுக்கு அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் பதில்: டிசம்பரில் வெளியான பெயரே முதலாவது, பட்டியலில் அதுவே இருக்கும்.

அக்கா தோட்டத்துக்கு ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதில் அப்படி ஓடுவாள் என்று யார் கண்டது! பின்னாலேயே நான். தொட்டி ஈரமாக இருந்தது. பலகை இல்லை. பக்கத்து பெஞ்சில் டிரைவர், மடியில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு பொருள்.

"எங்கங்க பலகை?"

"நேத்தே ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்றார் அவர், அக்காவின் முகத்தைப் பார்க்காமல். "வேற யாராவது வந்து பிடுங்குறத நான் பார்க்கணுமா? அதான் நானே எடுத்துட்டேன். உனக்குத் தெரிஞ்சா நீ சங்கடப்படுவேன்னு சொல்லல."

இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறார்கள்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்று அக்கா கத்தினாள். கத்தும்போதே அழுகையும் வந்துவிட்டது. "அவங்க ஜனவரிங்க! நாம டிசம்பர்! அட்டை கிடைச்சிடுச்சு!"

அவருக்கு உடனே புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். கைக்குட்டையை மெதுவாகப் பிரித்தார். ஊரையே கூட்டிவைத்துப் பஞ்சர் கதை சொன்ன மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி அக்காவிடம் கேட்டார்:

"அப்ப இதைத் திரும்ப நடலாமா?"

"நடுங்க" என்றாள் அக்கா. குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகப் பலகையை மண்ணில் அழுத்தினார்கள்.