அசலம் என்பது பிழையான பெயர்

“சஞ்சீவி மலையே நகந்தாலும் எம்பேச்சு நகராது. படிச்சது போதும்.”

எண்பதுகளின் இறுதியில், இளங்கலைத் தேர்வு முடிவு வந்த மாலையில் அப்பா சொன்னது இது. முதுகலைத் தமிழுக்கான விண்ணப்பத்தை அவர் முன் வைத்திருந்தேன். மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். வத்திராயிருப்பிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது அவருடைய அவசரம். விண்ணப்பத்தின் கடைசி வரியில் ஒரு கையொப்பம் வேண்டும். அனுப்புவதற்கு நான்கு நாட்களே இருந்தன.

நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசாதிருப்பதைச் சம்மதம் என்று எங்கள் வீட்டில் எடுத்துக்கொள்வார்கள். அது அவர்கள் செய்யும் பிழை. நான் அந்த வாக்கியத்தைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தேன். இராஜபாளையத்தில் பிறந்தவர் எவரும் ஆணைக்குச் சாட்சியாக அழைக்கக் கூடாத மலை ஒன்று உண்டென்றால் அது சஞ்சீவி மலை. இலங்கைப் போருக்கு மருந்து மலையைத் தூக்கிச் சென்றபோது வானிலிருந்து சிந்திய துண்டு அது என்பது ஊரறிந்த கதை. பறந்து வந்து விழுந்ததாகச் சொல்லப்படும் ஒன்றா நகராமைக்குச் சாட்சி?

கதை போதாது என்று மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்துக்குப் பேருந்து ஏறினேன். நிலவியல் நூல் ஒன்றைக் கேட்டதும் நூலகர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“தமிழ் படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கும்மா?”

“ஒரு சொல்லைச் சரிபார்க்க வேண்டியிருக்கு சார்.”

அந்தச் சொல் அசலம். மலைக்கு அகராதி தரும் பெயர்களில் ஒன்று. அசையாதது என்று பொருள். ஆனால் நூல் வேறு சொன்னது. நாம் நிற்கும் நிலம் ஒரு பெருநிலத்திலிருந்து பிய்ந்து, கடலைக் கடந்து வடக்கே நகர்ந்து வந்தது. பிய்ந்த ஓரம் உயர்ந்ததுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. கடற்காற்று தன் மழையின் பெரும்பகுதியை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது, மீந்தது நமக்கு. வெயில் பாறையைப் பிளக்கிறது, மழை அரிக்கிறது, ஓடைகள் அள்ளிச் செல்கின்றன. இப்படிக் கோடிக்கணக்கான ஆண்டுகள் சுற்றிலும் எல்லாம் கரைந்துபோக, கரைய மறுத்த கடும்பாறைகள் சமவெளியில் தனிக்குன்றுகளாக நின்றுவிடுகின்றன. ஊருக்குக் கிழக்கே தனியாக நிற்கும் எங்கள் மலையின் நினைவு வந்தது. அசலம் என்று பெயர் வைத்தவர் போதுமான காலம் காத்திருக்கவில்லை.

ஒரு செய்தியை மட்டும் நம்ப முடியாமல் மூன்று முறை படித்தேன். மலை தேயும்போது அதன் பாரம் குறைகிறது. பாரம் குறைந்ததும் அடியிலுள்ள நிலம் அதை மேலே தூக்குகிறது. தேய்வதாலேயே எழுகிறது.

அப்பா ஜின்னிங் பேக்டரியில் பஞ்சை அழுத்திப் பொதியாகக் கட்டும் பிரஸ்ஸில் வேலை பார்த்தார். மாலையில் புருவமெல்லாம் பஞ்சுத்தூசியோடு வந்து உட்கார்ந்தவரிடம் கேட்டேன்.

“அப்பா, பஞ்சு மூட்டைய ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டு, பொறவு மேல உள்ளத எடுத்தா அடிமூட்டை என்ன செய்யும்?”

“எந்திரிக்கும். இதென்ன கேள்வி?”

“மலையும் அப்படித்தாம்ப்பா. மேல கரையக் கரைய அடியிலருந்து எந்திரிக்குது.”

“எவன் சொன்னான்?”

“புஸ்தகத்துல போட்டிருக்கு.”

“புஸ்தகம் எழுதுனவன் பஞ்சு மூட்டை தூக்கிருக்கானா?”

“இல்ல. நீங்க தூக்கிருக்கீக. நீங்களே சொல்லுங்க, எந்திரிக்குமா எந்திரிக்காதா?”

அடுப்படியிலிருந்து அம்மா சிரிக்கும் ஒலி கேட்டது. அப்பா அந்தப் பக்கம் திரும்பி, “ஏட்டி, உம்மவ மலைய வச்சு என்னைய மடக்குதா, நீ சிரிக்க!” என்றார். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கையொப்பம் வரவில்லை. “மலை என்னமும் செய்யட்டும். எம்பேச்சு பேச்சுதான்.”

நான்காம் நாள் காலை, அவர் வேலைக்குப் போன பிறகு விண்ணப்பத்தை மீண்டும் படித்தேன். கையொப்பத்துக்குரிய இடத்தில் அதுவரை அவசரத்தில் தந்தை என்றே வாசித்திருந்தேன். அச்சாகியிருந்த சொல் பெற்றோர். ஒரு சொல்லை இப்படிப் பிழையாக வாசித்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அம்மாவிடம் காட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

“என் கையெழுத்து செல்லுமாட்டி?”

“செல்லும். நீங்களும் பெத்தவகதான?”

“மொதல்லயே கேட்டிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன்ல. ஒங்கப்பாகிட்ட நான் பேசிக்கிடுதேன்.”

பெயரை எழுத்து எழுத்தாக, கோட்டை விட்டுச் சற்று மேலேறிப் போகும்படி எழுதினாள். நானே தபால் நிலையத்துக்கு நடந்து சென்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தேன்.

மாலையில் ரசீதை அப்பாவின் முன் வைத்தேன். மறைக்க எனக்கு விருப்பமில்லை. அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“அப்போ சஞ்சீவி மலை நகந்துருச்சோ?”

“அதோட வேகத்துல அது நகரட்டும்ப்பா. உங்க பேச்சும் அங்கனயே இருக்கட்டும். நான் நகந்துட்டேன்.”

எங்கள் வீட்டில் நான் குரலுயர்த்தாமல் சொன்ன மிக உரத்த வாக்கியம் அது. அதில் ஓர் எழுத்தையும் நான் இதுவரை திருத்தவில்லை.