“என்ன” என்ற சொல்லும் ஜெட்டி மழையும்

முதலில் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பேனாவை வைத்த கை இது. எழுத்து கோணும். ண, ன இரண்டும் இடம் மாறி நிற்கும். ஃபர்ஹானா மிஸ் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறா. எங்கள் மொழி நிலையத்தில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகளுக்காக எழுதச் சொன்னதும் அவதான்.

நான் முன்பு ஜெட்டியிலிருந்து, அதாவது படகுத்துறையிலிருந்து, மூதூருக்கு ஆட்களை ஏற்றிப்போகிற லோஞ்சில் கயிறு பிடித்தவன். முதுகு பழுதான பிறகு, துறைமுகத்தடியில் இருக்கிற இந்த நிலையத்தில் வேலைக்கு வந்தேன். கூட்டுவது, கதிரை அடுக்குவது, கொம்பியூட்டர்களைப் போட்டு ஹெட்செட் சரியா என்று பார்ப்பது. இவ்வளவுதான் என் வேலை.

1. ஆள் வராத சனிக்கிழமை

நிலையத்தில் சனிக்கிழமைகளில் ஒன்லைன் சோடி வகுப்பு நடக்கும். இங்கே ஒரு தமிழ் ஆள், தெற்கில் ஒரு சிங்கள ஆள். முதல் அரை மணி தமிழ், அடுத்த அரை மணி சிங்களம். ஒருவருக்கு மற்றவர்தான் வாத்தியார்.

அன்றைக்கு ஒரு தமிழ் ஆள் வரவில்லை. மிஸ் என்னைப் பார்த்தா.

“அண்ணன், நீங்க போய் இருங்க.”

“ஐயோ மிஸ், எனக்கு என்ன தெரியும்?”

“கதைக்கத் தெரியும்தானே? அது போதும்.”

திரையில் சந்தமாலி என்று ஒரு நேர்ஸ் பிள்ளை. மாத்தறைப் பக்கம். இரண்டு மாதத்தில் எங்கள் மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வேலைக்கு வர வேண்டும். வோர்ட்டில் கிடக்கிற ஆட்கள் எல்லாம் தமிழ்தான் கதைப்பார்கள். அந்தப் பயம் முகத்தில் தெரிந்தது.

“வணக்கம். தங்கள் பெயர் யாது?” என்று கேட்டா. என்னை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. வெட்கத்தில் பெயரே வாயில் வரவில்லை. பிறகு ஒருமாதிரி, “யோகராசா” என்றேன்.

“ஒரு ஆள் வந்து, ‘மிஸ், எனக்கு ரெண்டு நாளா வருத்தம்’ எண்டால் என்ன சொல்லுவீங்கள்?” என்று நான் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்து, “கவலைப்படாதீர்கள். எல்லாம் நன்மைக்கே,” என்றா.

புத்தகத்தில் வருத்தம் என்றால் கவலையாம். இங்கே அது நோய் என்று சொன்னேன். தலையில் கை வைத்தா. “ஐயோ, நான் காய்ச்சல்காரருக்கு ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன்!” இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குப் பயம் விட்டது.

2. எனக்குத் தெரிந்த சிங்களம்

அடுத்த அரை மணி சிங்களம். எனக்கும் கொஞ்சம் தெரியும் என்று காட்ட ஆசை வந்தது. வீட்டுக்கு வருகிற ஆளை வரவேற்கிற மாதிரி, வாங்கோ, இருங்கோ என்று சொல்ல நினைத்து, சிரித்துக்கொண்டு சொன்னேன்: “வரெங், இந்தபங்.”

சந்தமாலியின் முகம் செத்துப்போனது. பிறகு திரை கறுத்தது.

கனெக்ஷன் போய்விட்டதாக்கும் என்று வயரைத் தட்டிப் பார்த்தேன். பக்கத்து அறையிலிருந்து மிஸ் ஓடி வந்தா.

“அல்லாஹ்! என்ன கதை இது அண்ணன்?”

“வாங்கோ, இருங்கோ எண்டுதான் சொன்னன்.”

“வாடி, குந்தடி எண்டல்லவா சொல்லியிருக்கிறீங்க! ஆர் உங்களுக்கு இதைப் படிப்பிச்சது?”

“ஒருத்தரும் படிப்பிக்கேல்லை மிஸ். ஜெட்டி செக்பொயின்டில கேட்டது. லோஞ்சால இறங்கினால் ஆமிக்காரர் அப்பிடித்தான் கூப்பிடுவினம்.”

மிஸ் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டா.

பின்னேரம் சந்தமாலியிடமிருந்து மெசேஜ் வந்தது. இந்த ஆளோடு தன்னால் படிக்க ஏலாது, வேறு ஆளைத் தாருங்கள் என்று. வேறு ஆள் இல்லை. அந்தப் பிள்ளை தமிழ் இல்லாமலே வோர்ட்டுக்கு வரப்போகிறது, அதற்குக் காரணம் என் வாய்.

“நான் கோல் எடுத்துச் சொல்லட்டா?” என்று மிஸ் கேட்டா.

“வேண்டாம் மிஸ். சொன்னது நான். நானே சொல்லுறன்.”

என் வாழ்க்கையில் முதல் வொய்ஸ் மெசேஜ் அது. நாலு தரம் அழித்துவிட்டுத்தான் அனுப்பினேன். “தங்கச்சி, நான் கெட்ட எண்ணத்தில சொல்லேல்லை. எனக்குத் தெரிஞ்ச சிங்களம் அவ்வளவுதான். என்னோட கதைச்ச ஆக்கள் அப்பிடித்தான் கதைச்சவை. அது மரியாதை இல்லாத கதை எண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும். மன்னியுங்கோ.”

கிழமை முழுக்கப் பதில் இல்லை.

3. என்ன

அடுத்த சனிக்கிழமை எல்லாக் கொம்பியூட்டரையும் போட்டு, அறையையும் கூட்டிவிட்டுத் தும்புத்தடியோடு நின்றேன். மிஸ் கூப்பிட்டா. திரையில் சந்தமாலி. கண் கொஞ்சம் வீங்கியிருந்தது.

“உங்கள் மெசேஜ் கேட்டேன். நான் கோபம் இல்லை, ஐயா,” என்றா.

“ஐயா எண்டு சொல்லாதேங்கோ. நான் அப்பிடிப் பெரிய ஆள் இல்லை.”

“எங்கள் சிங்களத்தில் ஐயா என்றால் அண்ணா!”

ஹெட்செட் வயரைச் சுற்றிக்கொண்டு இருந்தேன்.

“இன்று நாங்கள் முதலில் இருந்து,” என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து மெதுவாக, “என்ன,” என்றா.

“ஒண்டுமில்லை,” என்றேன்.

“இல்லை, இல்லை. என்ன!”

“ஒண்டுமில்லைத் தங்கச்சி, சும்மா இருக்கிறன்.”

சந்தமாலிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கையை அசைத்து, வரச்சொல்லிக் காட்டினா. சிங்களத்தில் ‘வாங்கோ’ என்று மரியாதையாகக் கூப்பிடுகிற சொல் அதுதானாம். என்ன.

நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

லோஞ்சில் வேலை செய்த காலத்தில் ஒரு நாள். நல்ல மழை. ஜெட்டியில் செக்கிங் வரிசை நீளம். தகரக் கூரைக்குக் கீழே புதிதாக வந்த ஒரு இளம் ஆமிக்காரன் நின்றான். என்னைப் பார்த்து, “என்ன, என்ன,” என்றான். தமிழில் கேட்கிறான், என்னில் ஏதோ சந்தேகம் என்று நினைத்தேன். “ஒண்டுமில்லை சேர், ஒண்டுமில்லை சேர்,” என்று பையைத் திறந்து பிடித்துக்கொண்டு அந்த மழையிலேயே நின்றேன். சாப்பிட வாங்கின பாண் பைக்குள்ளேயே ஊறிப்போனது. அவன் இன்னும் இரண்டு தரம் சொன்னான். நான் அசையவில்லை. கடைசியில் அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவன் என்னைக் கூரைக்குள் வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான்.

இதைச் சந்தமாலிக்குச் சொன்னேன். விளங்குவதற்காக மெதுவாக, இரண்டு தரம் சொன்னேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டா. அன்றைக்குச் சிங்கள அரை மணி முழுவதும் அந்த ஒரு சொல்லைத்தான் படித்தோம்.

4. பஸ் ஸ்டாண்ட்

வேலைக்கு வந்த அன்று சந்தமாலி பஸ்ஸால் இறங்கும்போதும் மழைதான். வீட்டில் என் மனுசி குடையைத் தந்து அனுப்பியிருந்தா. பெட்டியோடு படியில் நின்ற பிள்ளையைப் பார்த்து, குடையை விரித்து, வெட்கத்தை விட்டுச் சத்தமாகவே கூப்பிட்டேன்: “என்ன, நங்கி, என்ன!” நங்கி என்றால் தங்கச்சி.

பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரன், “என்ன அண்ணை, அவ வாயே திறக்கேல்லை. நீங்கள் என்னத்துக்கு என்ன என்ன எண்டு உறுக்கிறியள்?” என்றான்.

சந்தமாலி படியில் நின்றபடியே சிரித்தா. “வாறன், ஐயா,” என்று சொல்லிக் குடைக்குள் வந்தா.

புதிதாகச் சேர்கிற பிள்ளைகளே, இலக்கணம் மிஸ் சொல்லித் தருவா. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மற்ற ஆள் ஒரு சொல் சொன்னால், உங்களுக்குத் தெரிந்த சொல்லாகவே கேட்டாலும், “அது உங்கட பாசையில என்ன?” என்று ஒரு தரம் கேளுங்கோ. நான் கேட்காமல் நனைந்தேன். கூப்பிட்ட அந்த ஆமிப் பொடியனின் முகம் இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

எழுதி முடித்தது: ஒக்டோபர் 18, சனிக்கிழமை, வகுப்பு முடிந்த பிறகு.